மஞ்சக்கிளியின் மீசைக்காரப் பிள்ளைகள்

இது நடந்து மூன்று வருடம் இருக்கும். பதுளை பஜாருக்கு மேலே ஏறிப்போகும் தெருவில் நாங்கள் இருக்கும் வீட்டில், ஒரு பௌர்ணமி போயா லீவு நாளில் நடந்தது. அதைச் சொல்வதற்கு முன்னால் எங்கள் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

நான் நமுனுகுல பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். ஆஸ்பத்திரிப் பிரசவ அறையில் மிட்வைஃப் வேலை. கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டு, முப்பத்தைந்து தாண்டிய பிறகு ஒருவரைக் கட்டிக்கொண்டேன். அவர் மனைவியை இழந்தவர். ஏழு வயதில் ஒரு மகள் இருந்தாள். பஜாரில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறார். நல்ல மனிதர்தான், ஆனால் மீன் பைத்தியம்.

முன் அறையில் பாதி இடத்தை ஒரு கண்ணாடித் தொட்டி பிடித்துக்கொண்டிருந்தது. எல்லாம் ஆப்பிரிக்க ஏரி மீன்கள். குளிர் தாங்காது என்று தண்ணீருக்குள் ஒரு ஹீட்டர் வேறு. மார்கழியில் நாங்கள் மூன்று பேரும் பச்சைத் தண்ணீரில் பல் கிட்டிக்கக் குளிப்போம். மீன்கள் வெதுவெதுப்பில் சொகுசாக இருக்கும். இதைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொன்னால், அவை எல்லாம் சூடான நாட்டு மீன்கள் என்று விளக்கம் வரும். நான் மட்டும் என்ன, துருவப் பிரதேசத்திலிருந்தா வந்தேன்?

உண்மையில் எனக்குச் சோதனையாக இருந்தது மீன் இல்லை, மகள். அடம்பிடித்தாள், எரிந்து விழுந்தாள் என்று நினைத்துவிடாதீர்கள். அப்படிச் செய்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். அவள் என்னிடம் மரியாதையாக இருந்தாள். பாடசாலை அதிபரிடம் பேசுகிற மாதிரி, "லைட்ட அணைக்கட்டுங்களா?" என்பாள். சோறு போதுமா என்று கேட்டால், "போதுங்க, நன்றி" என்பாள். அம்மா என்றும் கூப்பிடவில்லை, சித்தி என்றும் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டி வந்தால் பக்கத்தில் வந்து நின்று இருமுவாள். அவள் அப்பாவை மட்டும் நீ, வா, போ என்று விரட்டுவாள், முதுகில் ஏறிக் குதிப்பாள். சொந்த வீட்டில் விருந்தாளியாக இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். பல ராத்திரி அழுதிருக்கிறேன்.

கல்யாணமான புதிதில், பஜாரில் மீன் விற்கும் கடைக்கு மூவருமாகப் போனோம். அங்கே உடம்பெல்லாம் கறுப்புப் புள்ளியோடு, மீசை வைத்த சின்னச் சின்னக் கெளுத்திகள் ஒரு தொட்டியில் இருந்தன. அதில்தான் பிரச்சினை. ஆப்பிரிக்காவில் ஒரே ஏரியில் இரண்டு விதமான புள்ளிக் கெளுத்திகள் இருக்கின்றனவாம். ஒன்று பெட்ரிகோலா, பரம சாது. இன்னொன்றின் பெயர் மல்டிபங்க்டேட்டஸ். முழுப் பெயர் என் வாயில் நுழையாது, அதனால் மல்டி என்றே சொல்கிறேன். குட்டியாக இருக்கும்போது இரண்டும் அச்சு அசல் ஒரே மாதிரி. கடைக்காரருக்கும் வித்தியாசம் தெரியவில்லை, கொழும்பிலிருந்து ஒரே பையில்தான் வந்தது என்றார்.

எங்கள் வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? போன் திருத்தும் பூதக்கண்ணாடியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, செட்டை ஓரத்தில் வெள்ளைக் கோடு இருக்கிறது, ஆகவே இது பெட்ரிகோலாதான் என்று தீர்ப்புச் சொன்னார். மகளும் பெரிய மனுஷி மாதிரித் தலையாட்டினாள். தப்பாக இருந்தால் என்ன ஆகும் என்று நான் கேட்டேன். இருவரும் என்னைப் பார்த்த பார்வையில் அதற்கு மேல் நான் வாய் திறக்கவில்லை. நாலு கெளுத்திகள் வீட்டுக்கு வந்தன.

ஒரு வருடத்துக்கு மேல் ஒரு வம்பும் இல்லை. பிறகு ஒரு நாள் நான் வேலை முடிந்து வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் இருமல் சத்தம் கேட்டது. திரும்பினால் மகள்.

"மஞ்சக்கிளி சாப்பிட மாட்டேங்குதுங்க. கொஞ்சம் பாக்குறீங்களா?"

மஞ்சக்கிளி என்பது அந்தத் தொட்டியிலிருந்த மஞ்சள் நிற மீன். அவள் வைத்த பெயர். என்னிடம் அவள் தானாக வந்து ஒரு உதவி கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தேன். மீனுக்குத் தாடை வீங்கியிருந்தது. இத்தனை வருட அனுபவத்தையெல்லாம் திரட்டி, பொன்னுக்கு வீங்கி மாதிரி இருக்கிறது என்று சொன்னேன்.

கடையிலிருந்து வந்ததும் அவர் விழுந்து விழுந்து சிரித்தார். மஞ்சக்கிளி வாய்க்குள்ளே முட்டை வைத்திருக்கிறாளாம். அந்த வகை மீன் அப்படித்தான், வாயிலேயே அடைகாத்து, வாயிலேயே பொரித்து, மூன்று வாரம் பட்டினி கிடந்து, பிறகு குட்டிகளை வெளியே விடுமாம். "ஒரு மிட்வைஃபுக்குப் புள்ளத்தாச்சிய தெரியலையே" என்று அன்று முழுக்கச் சொல்லிச் சொல்லிக் காட்டினார். என்னிடம் வருகிற பெண்களுக்கு வயிற்றில்தானே பிள்ளை இருக்கும், வாயில் யார் தேடுவார்கள்?

ஆனால் அதற்குப் பிறகு ஒரு நல்லது நடந்தது. சாயந்தரம் ஆனால் மகள் ஒரு முக்காலியைக் கொண்டுவந்து தொட்டி முன்னால் என் பக்கத்தில் போட்டுக்கொள்வாள். பிள்ளைத்தாய்ச்சிகள் ஏன் வாந்தி எடுக்கிறார்கள், பிள்ளைக்கு உள்ளே மூச்சு முட்டாதா என்று கேட்பாள். எல்லாம் 'ங்க' போட்டுத்தான். இருந்தாலும் பேசினாளே. வகுப்பில் கூட்டாளிகளுக்கெல்லாம் ஆளுக்கு ரெண்டு மஞ்சள் குட்டி தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்றாள்.

பக்கத்து வீட்டு அக்காவும் அடிக்கடி வந்து பார்ப்பார். அவர் வீட்டுக்காரருக்குப் பஜாரில் துணிக்கடை. அக்காவுக்கு நல்ல மனசு, வாய்க்குத்தான் பூட்டு இல்லை. கண் பட்டுவிடும் என்று காய்ந்த செத்தல் மிளகாயைத் தொட்டிக்குச் சுற்றி நெருப்பில் போட்டார். போட்டுவிட்டு, மகள் பக்கத்தில் இருக்கும்போதே, "மீனுக்கே புள்ள வந்துருச்சு. நீயும் ஒனக்குன்னு ஒண்ண பெத்துக்க தங்கச்சி. ஆயிரந்தான் இருந்தாலும் அடுத்தவ புள்ள அடுத்தவ புள்ளதான்" என்றார். மிளகாய் நெடியில் எல்லாரும் இருமினோம். மகள் மட்டும் எழுந்து உள்ளே போய்விட்டாள். அக்காவை நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டுவிட்டேன்.

போயா அன்று எல்லாரும் வீட்டில் இருந்தோம். காலையில் மஞ்சக்கிளி ஒரு கல்லுக்குப் பின்னால் போய் வாயைத் திறந்தாள். அக்காவும் செய்தி கேட்டு ஓடி வந்துவிட்டார். முதல் குட்டி வெளியே வந்தது. பிறகு இன்னொன்று. மகள் மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பார்த்தாள்.

"அப்பா, இதுக்கு மீசை இருக்கு."

இருந்தது. மீசையும் இருந்தது, உடம்பெல்லாம் கறுப்புப் புள்ளியும் இருந்தது. மஞ்சள் மட்டும் மருந்துக்கும் இல்லை. வந்த குட்டிகள் அத்தனையும் கெளுத்திகள். அக்காதான், தகப்பன் யார் என்று மெதுவாகக் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "மிட்வைஃப் வீட்டுலயே புள்ள மாறிப்போச்சே தங்கச்சி" என்றார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

எங்கள் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. தடாலென்று தரையில் மல்லாந்து படுத்து, தொட்டி வைத்திருந்த இரும்புச் சட்டத்துக்குள் தலையை நுழைத்து, டார்ச் அடித்துக் கண்ணாடி வழியாக மேலே பார்த்தார். பெரிய கெளுத்தி ஒன்று அவர் மூக்குக்கு நேரே வந்து உட்கார்ந்தது. அடியிலிருந்து அவர் குரல் பரிதாபமாக வந்தது. பெட்ரிகோலாவுக்கு வயிற்றிலும் புள்ளி இருக்குமாம். இதற்கு வயிறு வெள்ளை வெளேரென்று இருந்தது. செட்டையில் வெள்ளைக் கோடு இரண்டுக்குமே உண்டாம். அதைப் பார்த்துத்தான் அன்றைக்குத் தீர்ப்புச் சொன்னார். அப்படியென்றால் நாங்கள் ஒரு வருடமாக வளர்த்தது மல்டி. அதற்குக் குயில் கெளுத்தி என்று இன்னொரு பெயரும் இருக்கிறதாம். மஞ்சக்கிளி முட்டை போட்டுப் பொறுக்கும்போது இது தன் முட்டையை நடுவில் கலந்துவிடுமாம். அவளும் தெரியாமல் எல்லாவற்றையும் வாயில் போட்டுக்கொள்வாளாம்.

"கெளுத்திக் குட்டிதான் மொதல்ல பொரிக்கும். பொரிச்சதும் வாய்க்குள்ளயே அவ சொந்தக் குட்டிய எல்லாம் தின்னுபுடும். என்ன அருமையான ஏற்பாடு பாரு" என்று அவர் தரையில் படுத்தபடியே ரசித்துச் சொன்னார். நான் காலால் அவரை ஒரு இடி இடித்தேன். ஏனென்றால் மகளின் முகம் மாறிவிட்டது.

அவள் அப்பாவிடம் கேட்கவில்லை. என்னிடம் கேட்டாள்.

"இதுங்க அதோட புள்ளைங்க இல்லன்னு தெரிஞ்சா மஞ்சக்கிளிக்குக் கோவம் வராதா? அதோட சொந்தக் குட்டிய தின்னுடுச்சே."

அவள் மீனைப் பற்றிக் கேட்கவில்லை என்று எனக்குப் புரிந்தது. அக்கா அன்றைக்குச் சொன்னதை அந்தப் பிள்ளை இத்தனை நாளும் மனசுக்குள் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறது. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"மூணு வாரமா அதுங்க அவ வாய்க்குள்ளதானே இருந்துச்சு பாப்பா. கோவம் இருந்தா ஒரு கடி கடிச்சிருக்கலாம். கடிக்கலையே."

அதற்குள் அவர் எழுந்து, குட்டிகளைத் தனியே பிடிக்க வலையைத் தண்ணீருக்குள் விட்டார். வலையைக் கண்டதும் மஞ்சக்கிளி பாய்ந்து வந்து, மீசையும் புள்ளியுமாக இருந்த அந்தக் குட்டிகளை ஒவ்வொன்றாக மறுபடியும் வாய்க்குள் அள்ளிக்கொண்டாள். பட்டினியில் எலும்பும் தோலுமாக இருந்தவள், வாயை உப்பிக்கொண்டு மூலையில் போய் நின்று எங்களை முறைத்தாள். அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அடுப்பில் பருப்பு இருக்கிறது என்று கிளம்பிவிட்டார். மகள் வெகு நேரம் அந்த முக்காலியை விட்டு எழவில்லை. நானும் எழவில்லை.

மதியம் ஆகிவிட்டது. மஞ்சக்கிளி பாவம், தனிக் கிண்ணத்தில் விட்டுச் சாப்பாடு போடலாமே என்று எனக்கு ஒரு யோசனை வந்தது. யாரையும் கேட்காமல் வலையை எடுத்துத் தொட்டிக்குள் கையை விட்டேன். பின்னாலிருந்து ஒரு கத்தல்.

"ஏய், விடு அத. ஒனக்கு மீனப் பத்தி ஒண்ணுமே தெரியாது. நீ போயி சோறாக்கு, எனக்குப் பசிக்குது."

அவர் துள்ளி எழுந்து, யாரிடம் பேசுகிறாய், மரியாதை எங்கே போனது என்று கையை ஓங்கிக்கொண்டு வந்தார். நான் குறுக்கே நின்றேன்.

"நீங்க சும்மா இருங்க. புள்ள பசிக்குதுன்னு சொல்லுதுல்ல."

வலையை அவள் கையில் கொடுத்துவிட்டுக் குசினிக்குள் போனேன். அன்றைக்கு அரிசியை எத்தனை தடவை கழுவினேன் என்று எனக்கே தெரியாது. கண்ணைத் துடைக்கக் கை ஓயவில்லை.

பிரசவ அறையில் பிள்ளை வெளியே வந்ததும் நாங்கள் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம். அது வீறிட்டுக் கத்தின பிறகுதான் எங்களுக்கு உயிர் வரும். ஊரார் பிள்ளைகள் எத்தனையோ பேரின் அந்த முதல் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன். என் மகளின் சத்தம்தான் எனக்குக் கொஞ்சம் தாமதமாக, சோறு கேட்டுக்கொண்டு வந்தது. இன்றைக்கும் அவள் என் மேல் சத்தம் போட்டால் அவருக்குக் கோபம் வருகிறது, எனக்கு மூச்சு வருகிறது.