ஃப்ளோரன்ஸ் உரிக்காத எறா

தட்டு வந்ததும் ஃப்ளோரன்ஸ் சாப்பிட ஆரம்பிக்க மாட்டார். ஒரு எறாவை எடுத்து, மசாலாவை விரலால் வழித்துவிட்டு, டியூப் லைட் வெளிச்சத்தில் அதன் முதுகைத் திருப்பிப் பார்ப்பார். கறுப்பு நரம்பு சுத்தமாக எடுபட்டிருந்தால் தலையை ஆட்டுவார். "யாரோ ஒருத்தி நல்லா உரிச்சிக்கீறா" என்பார், எதிரே ஆள் இல்லாவிட்டாலும். அப்புறம்தான் வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொள்வார்.

தண்டையார்பேட்டையில் புதிதாக வந்த ஷாப்பிங் காம்ப்ளெக்ஸின் இரண்டாவது மாடியில் இருக்கிறது அந்தக் கடல் உணவு ஓட்டல். கீழே செல்போன் கடை, நடுவில் சுடிதார் கடைகள், மேலே போகப் போக வறுத்த மீன் வாசனை. மாதத்தின் முதல் ஞாயிறு, ராயபுரம் சர்ச்சில் பூசை முடிந்த கையோடு ஃப்ளோரன்ஸ் வந்துவிடுவார். எஸ்கலேட்டர் பக்கம் போக மாட்டார், படிதான். "அது நம்மள இட்டுகினு போவுது. நாம தானே போவணும்" என்பது அவர் கட்சி.

நான்கு பேர் உட்காரும் மேசையில் தனியாக உட்காருவார். பரிமாறும் அமீருதீன் ஆரம்பத்தில், "கூட யார்னா வர்றாங்களாக்கா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். "அதான் நான் வந்துக்கீறேனே" என்று பதில் வந்தது. இப்போதெல்லாம் கேட்பதில்லை. எறா வறுவலும் சோறும் தானாக வந்துவிடும்.

மற்ற நாட்களில் ஃப்ளோரன்ஸ் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றின் ஷெட்டில் எறா உரிப்பவர். ஐஸ் தண்ணீரில் ஊறி ஊறி விரல் நுனிகள் வெளுத்து, அங்கங்கே பொத்தலாகிவிட்டன. தலையைக் கிள்ளுவதும் ஓட்டைக் கழற்றுவதும் நரம்பை இழுப்பதும் ஒரே அசைவுபோலத் தெரியும். வாயில் பேச்சும் நிற்காது. உரித்ததெல்லாம் பெட்டியில் அடுக்கப்பட்டுக் கப்பல் ஏறிவிடும். வீட்டுக்கு அவர் எறா வாங்கியதே இல்லை. "வூட்லயும் நானே உரிக்கணும்னா அது வூடா? அதுவும் ஷெட்டுதான்."

போன மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை, சூப்பர்வைசர் ஜார்ஜ் எல்லோரையும் நிறுத்திவைத்து, மறுநாள் பெரிய லோடு வருகிறது, கட்டாயம் வர வேண்டும் என்றார். இதற்கு முன்பு அப்படி வராத பெண்களைத் திங்கட்கிழமை வாசலிலேயே திருப்பி அனுப்பியவர் அவர்.

"நாளைக்கு எனக்கு வேல கீது சார்" என்றார் ஃப்ளோரன்ஸ்.

"இன்னா வேல?"

"என் சொந்த வேல."

ஞாயிறு மதியம், ஃப்ளோரன்ஸ் முதல் எறாவை வாயில் போட்டிருந்தபோது, காலையில் லோடைப் பார்த்துவிட்டு மனைவியோடும் சின்ன மகளோடும் ஜார்ஜ் உள்ளே வந்தார். ஓட்டல் நிரம்பி வழிந்தது. காலியாக இருந்தவை ஃப்ளோரன்ஸின் மேசையில் இருந்த மூன்று நாற்காலிகள்தான். விவரம் தெரியாத அமீருதீன் அவர்களை அங்கேயே உட்காரவைத்தார்.

"இதான் உன் வேலயா?" என்றார் ஜார்ஜ்.

எழுந்து போய்விடலாமா என்று கால் தரையில் ஊன்றியது. ஃப்ளோரன்ஸ் மென்று விழுங்கினார். "ஆமா சார். இதான்."

அவர்களுக்கு ஓட்டோடு சுட்ட பெரிய எறா வந்தது. குழந்தை ஓட்டைப் பிய்க்கப் பார்த்து, விரலில் குத்திக்கொண்டு சிணுங்கியது. ஜார்ஜ், ஷெட்டில் கூடையைத் தள்ளுவதுபோலவே, தட்டை ஃப்ளோரன்ஸ் பக்கம் தள்ளினார். "புள்ளைக்குக் கொஞ்சம் உரிச்சுக் குடு."

தண்ணீர் ஊற்ற வந்த அமீருதீன் ஜாடியோடு நின்றுவிட்டார். ஷெட் வாசலும், அங்கே திருப்பி அனுப்பப்பட்டவர்களின் முகங்களும் ஃப்ளோரன்ஸின் மனதில் வந்துபோயின. தட்டு அங்கேயே இருந்தது.

"நாளைக்கு எவ்ளோ வேணா உரிக்கிறேன் சார்" என்றார், குரலை உயர்த்தாமல். "இன்னிக்கு நான் துன்ன வந்துக்கீறேன்."

ஜார்ஜின் முகம் இறுகியது. அவர் மனைவி ஃப்ளோரன்ஸின் விரல்களைப் பார்த்தார். பிறகு தட்டைத் திருப்பிக் கணவர் முன்னால் இழுத்து வைத்தார். "நீங்களே உரிங்க. உங்க பொண்ணுதானே."

ஜார்ஜ் சட்டைக் கையை மடித்துக்கொண்டார். இத்தனை வருடம் உரிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றவர்தான். ஆனால் ஓடு பாதியில் முறிந்தது, வால் கையோடு வந்தது, சதை நார் நாராகப் பிய்ந்தது. குழந்தை வாயைத் திறந்தபடி பொறுமையாகக் காத்திருந்தது.

தலையைத் தூக்காமலே ஜார்ஜ் சொன்னார்: "காலைல லேட் பண்ணிடாத. பாதி லோடு அப்பிடியே கெடக்குது."

"வந்துர்றேன் சார்."

ஃப்ளோரன்ஸின் தட்டு காலியானதும், அமீருதீன் ஒரு கிண்ணத்தில் எலுமிச்சைத் துண்டு மிதக்கும் வெந்நீரைக் கொண்டுவந்து அவர் முன் வைத்தார். மற்றவர்கள் அதில் விரல் நனைத்துத் துடைத்துக்கொண்டு எழுந்துவிடுவார்கள். ஃப்ளோரன்ஸ் பத்து விரலையும் அதற்குள் விட்டு, ஜார்ஜ் அடுத்த எறாவோடு மல்லுக்கட்டி முடிக்கும்வரை வெளியே எடுக்கவே இல்லை.