துண்டு போட்டுப் பிடித்த நட்சத்திரங்கள்

போன வருடம் மழைக்காலத் தொடக்கம். விழுப்புரத்தில் ஒரு பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் லேப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். வீடு திண்டிவனத்தில். மாலை பாசஞ்சர் ரயிலில், மகளிர் பெட்டியில்தான் தினமும் திரும்புவேன்.

அந்தப் பெட்டியில் ஒரு வழக்கம் உண்டு. விழுப்புரத்தில் ஏறுகிறவர்கள், முண்டியம்பாக்கத்தில் ஏறப்போகிறவர்களுக்கு இடம் பிடித்து வைக்க வேண்டும். துண்டு, டிபன் பை, குடை என்று எதையாவது போட்டு வைப்போம். இதை வைத்தே ஒரு கேம் செய்திருந்தேன். கூடைகளையும் பைகளையும் திருப்பி, நகர்த்தி, அடுத்த ஸ்டேஷன் வருவதற்குள் எல்லோரையும் உட்கார வைக்க வேண்டும்.

கேம் ஜாம் என்று ஒன்று இணையத்தில் நடக்கும். கொடுத்த தலைப்பில் மூன்று நாளில் ஒரு கேம் செய்து ஏற்ற வேண்டும். பிறகு ஒரு வாரம், விளையாடுகிறவர்கள் ஐந்துக்கு இத்தனை என்று நட்சத்திரம் போடுவார்கள். குறைந்தது இருபது பேர் போட்டால்தான் தரவரிசையில் பெயர் வரும். எனக்கு அந்த வரிசை ரொம்ப அவசியமாக இருந்தது. புதுச்சேரியில் ஒரு சிறிய கேம் கம்பெனி நேர்முகத் தேர்வில், "முடித்த கேம் ஒன்றுகூட இல்லையே, ஒரு ஜாமில் தரவரிசை வாங்கிவிட்டு இந்த மாதக் கடைசிக்குள் வாருங்கள்" என்று சொல்லி அனுப்பியிருந்தது.

என் கேமை ஏற்றிவிட்டேன். நட்சத்திரம் போடும் வாரம் சனிக்கிழமை மாலை ஆரம்பித்தது. செவ்வாய்க்கிழமை வரை போட்டது நான்கே பேர். எனக்கு எதையும் பட்டியல் போட்டால்தான் மனம் நிற்கும். யாரையெல்லாம் கேட்கலாம் என்று நோட்டில் எழுதினேன். கல்லூரித் தோழிகள் "பாக்கறேன்டி" என்றதோடு சரி. கடைசி வரியில் எழுதியிருந்தது, ரயில்.

அன்று மாலையே பெட்டியில் விஷயத்தைச் சொன்னேன். ஒருவருக்கும் அந்தத் தளத்தில் கணக்கு இல்லை. என் போனின் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு, ஒவ்வொருவர் போனிலும் நானே கணக்குத் தொடங்கிக் கொடுத்தேன். மயிலத்தில் இறங்கும் பூக்கார அம்மாவுக்கு ஒரே உற்சாகம்.

"நம்ம டீச்சரு பண்ணது, அஞ்சு என்னா அஞ்சு, பத்து இருந்தா பத்து போடு! ஜல்தி போடுங்கடி, டவர் பூடும்!"

திண்டிவனம் வருவதற்குள் பதினோரு பேர் போட்டிருந்தார்கள். எல்லாம் ஐந்து நட்சத்திரம். ஆக மொத்தம் பதினைந்து. நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை லேபைத் திறந்துவிட்டு மெயிலைப் பார்த்தேன். ஜாம் நடத்துகிறவர்கள் எழுதியிருந்தார்கள். ஒரே இணைப்பிலிருந்து, அரை மணி நேரத்துக்குள், அப்போதுதான் தொடங்கிய பதினோரு கணக்குகள், பதினொன்றும் ஐந்து நட்சத்திரம். இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் விளக்கம் வராவிட்டால் என் கேம் நீக்கப்படும்.

என்ன சொல்லலாம் என்று மறுபடி ஒரு பட்டியல். வகுப்பு மாணவிகள், பொது வைஃபை, யாரோ விளையாட்டாகச் செய்தது. மூன்றையும் ஒவ்வொன்றாக அடித்தேன். மிஞ்சியது உண்மைதான். ரயில், ஹாட்ஸ்பாட், நான் கேட்டு அவர்கள் போட்டது எல்லாவற்றையும் எழுதி, அந்தப் பதினொன்றையும் நீக்கிவிடும்படி கேட்டுக்கொண்டேன். மதியத்துக்குள் பதில் வந்தது. அவற்றை நீக்கிவிட்டோம், கேம் இருக்கலாம் என்றார்கள். உயிர் வந்தது. ஆனால் எண்ணிக்கை மறுபடி நான்கு.

மாலை ரயிலில் சொல்லத்தான் சங்கடமாக இருந்தது. நீங்கள் போட்டதெல்லாம் செல்லாது என்று எப்படிச் சொல்வது? சொன்னேன். பூக்கார அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"இன்னா பேஜாரு இது! நாங்க என்னா ஆளு இல்லியா? ரேஷன் கார்டு காட்டணுமா அவனுக்கு?"

எல்லோரும் சிரித்தோம். முண்டியம்பாக்கத்தில் ஏறிய நர்ஸ் அக்கா மட்டும், பிடித்து வைத்த இடத்தில் உட்கார்ந்தபடியே மெதுவாகக் கேட்டார்.

"ஆமா, அந்த ரெண்டாவது ஆட்டத்துல பைய எப்டி திருப்பறது? நானும் அமுக்கிக்கினே இருந்தேன், அது நவுரவே இல்லயே."

"எனக்கும் அப்டித்தான்" என்றது எதிர் சீட். அதற்கடுத்த சீட்டும்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பையைத் திருப்ப மவுசின் வலது பொத்தானை அழுத்த வேண்டும். போனில் ஏது வலது பொத்தான்? கம்ப்யூட்டரிலேயே செய்து, கம்ப்யூட்டரிலேயே விளையாடிப் பார்த்து, போனிலும் ஓடும் என்று தைரியமாக எழுதி வைத்திருந்தேன். பதினோரு பேரில் ஒருவர்கூட இரண்டாவது ஆட்டத்தைத் தாண்டவில்லை.

"அப்புறம் ஏங்கா அஞ்சு ஸ்டார் போட்டீங்க?"

"நீ கேட்ட, போட்டேன். ஆட்டத்துக்கா போட்டேன்?"

அந்த நட்சத்திரங்களும் சீட்டில் போட்ட துண்டு மாதிரிதான். அன்பாகப் போட்டது. ஆனால் அந்த இடத்தில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

பிழை திருத்த ஜாம் விதியில் இடம் இருந்தது. மறுநாள் காலை, பையைத் தொட்டாலே திரும்புகிற மாதிரி மாற்றி ஏற்றினேன். கேமின் பக்கத்திலேயே, போனில் இரண்டாவது ஆட்டம் ஓடாமல் இருந்தது, அது என் தவறு, இப்போது சரி செய்துவிட்டேன் என்றும் எழுதினேன். பிறகு, முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். மற்றவர்களின் கேம்களை விளையாடினேன். காலை ரயிலில், சாப்பாட்டு இடைவேளையில், மாலை ரயிலில். சும்மா "சூப்பர்" என்று போடாமல், எங்கே பிடித்தது, எங்கே மாட்டிக்கொண்டேன் என்று நாலு வரி எழுதினேன். எழுதியதைப் படித்தவர்கள் யார் இந்தப் பெண் என்று என் பக்கம் வந்தார்கள். ஒன்பது. பதினான்கு. பதினேழு.

சனிக்கிழமை மாலை ஆறரைக்கு முடிவு. விழுப்புரத்தில் ரயில் ஏறும்போது பத்தொன்பது. விக்கிரவாண்டி தாண்டியும் பத்தொன்பதுதான். நர்ஸ் அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் போனை எடுத்தார்.

"நானு புதுசா ஒரு கணக்கு தொறந்து போட்டுடட்டுமா? என் நெட்டுதான், உன்துகூட இல்ல. இப்பதான் நெஜமாவே வெளாடிட்டனே."

அவர் ஐந்து ஆட்டத்தையும் முடித்திருந்தார். ஒரு நிமிடம் வாய் வரைக்கும் வந்துவிட்டது சரி என்று. நீக்கச் சொல்லி எழுதியது நான்தானே?

"வேணாங்கா" என்றேன்.

பேரணி ஸ்டேஷனைத் தாண்டியதும் சிக்னல் போய்விட்டது. இரண்டு பக்கமும் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைக் காடு. பூக்கார அம்மா சரத்தைக் கட்டிக்கொண்டே என் போனை எட்டி எட்டிப் பார்த்தார். மயிலம் பிளாட்பாரம் வந்த பிறகுதான் பக்கம் திறந்தது. நேரம் முடிந்திருந்தது.

இருபத்தொன்று.

கடைசியாக வந்தது மூன்று நட்சத்திரம். ஏதோ ஒரு தேசத்தில் இருப்பவர், முதல் நாள் போனில் ஓடாததால் மூடிவிட்டாராம். அவருடைய கேமில் கதவு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை என்று நான் எழுதியதைப் பார்த்து, திரும்பி வந்திருக்கிறார். 'இப்போது ஓடுகிறது. கடைசி ஆட்டம் கொஞ்சம் சுலபம்' என்று ஒரு வரி. அந்த மூன்றைப் பார்த்து நான் விட்ட பெருமூச்சில், வந்துவிட்டது என்று பெட்டி முழுவதற்கும் தெரிந்துவிட்டது. பூக்கார அம்மா இறங்குகிற அவசரத்திலும் ஒரு முழம் கிள்ளி என் மடியில் போட்டுவிட்டுப் போனார்.

தரவரிசையில் நடுவில் எங்கோ ஓர் இடம்தான். ஆனால் இடம் இருந்தது. புதுச்சேரிக் கம்பெனியில் கூப்பிட்டார்கள். இப்போது அங்கேதான் வேலை செய்கிறேன். இன்றும் என் வேலையைப் பார்த்து யாராவது நன்றாயிருக்கிறது என்றால் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால், எந்த இடத்தில் மாட்டிக்கொண்டீர்கள் என்று கேட்டு, அவர்கள் அந்த இடத்தைக் காட்டிய பிறகுதான் என்னால் நிம்மதியாக மூச்சு விட முடிகிறது.