மங்கலம் அக்காவின் இரண்டாவது சிம்

புவனகிரியில் என் ஜெராக்ஸ் கடைக்கு அடுத்தது மங்கலம் அக்காவின் கம்ப்யூட்டர் சென்டர். நடுவில் ஒரு தட்டிதான் மறைப்பு. மவுஸ் பிடிக்கத் தெரியாதவர்களுக்கும், கடைக்கு க்யூஆர் அட்டை வைக்க நினைக்கும் வியாபாரிகளுக்கும் காலையில் வகுப்பெடுப்பார். பதினொரு வருஷமாக ஒரே பாடம். எனக்கே மனப்பாடம்.

"பாஸ்வேர்டுங்கறது பீரோ சாவி மாதிரி. பக்கத்து வீட்ல குடுத்து வெக்கக் கூடாது. ஓடிபி வந்தா யார்கிட்டயும் சொல்லக் கூடாது."

வகுப்பு முடிந்ததும் அதே அக்கா, ஆன்லைனில் விண்ணப்பம் போட வருகிறவர்களுக்கெல்லாம் தன் நம்பரையே போடுவார். அதற்கென்றே போனில் இரண்டாவது சிம். அத்தனை பேர் பாஸ்வேர்டும் ஒரு நோட்டில். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதைதான். நான் கேலி செய்தால், "அவுங்க நம்பரப் போட்டா மெசேஜ யாரு பாய் படிக்கறது?" என்பார். இந்தத் தொழிலில் எல்லாரும் செய்வதுதான். நானும் செய்திருக்கிறேன்.

அப்படி விண்ணப்பம் போட வந்தவர்களில் ஒருத்தி புஷ்பவள்ளி. அவள் வீட்டில் போன் ஒன்று உண்டு, ஆனால் அது புருஷன் கையில். வேலைக்குப் போகிறேன் என்றாலே அடிக்கிறவன் அவன். மகளைக் கூட்டிக்கொண்டு அந்த வீட்டை விட்டு வெளியேற அவளுக்கு ஒரு சம்பளம் வேண்டும். அலுவலக உதவியாளர் தேர்வுக்கு அக்காவிடம் ரகசியமாக விண்ணப்பித்தாள்.

"உங்க நம்பரே இருக்கட்டும்க்கா. அவுரு பாத்தா அழிச்சிடுவாரு."

அம்மா வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போய்ப் பரீட்சை எழுதினாள். அந்த மாதமே அக்காவின் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்தது. சிதம்பரத்தில் ஆஸ்பத்திரி, அப்புறம் அதன் பக்கத்திலேயே வாடகை அறை. நாலு மாதம் சென்டர் பூட்டிக் கிடந்தது. சொந்த நம்பருக்கு ரீசார்ஜ் செய்தவர் இரண்டாவது சிம்மை மறந்துபோனார். மாதக்கணக்கில் சும்மா கிடந்தால் கம்பெனி நம்பரை எடுத்துக்கொள்ளும் என்பதும் அவர் பாடத்தில் இருப்பதுதான்.

இடையில் புஷ்பவள்ளி இரண்டு முறை வந்து என்னிடம் விசாரித்தாள். "மெசேஜ் வந்தா அக்கா சொல்லுவாங்கம்மா" என்று அனுப்பிவிட்டேன். எனக்கென்ன கேடு, அன்றைக்கே அக்காவுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம்.

திரும்பி வந்த அக்கா நோட்டை எடுத்து ஒவ்வொருவர் பாஸ்வேர்டாகப் போட்டுப் பார்த்தார். புஷ்பவள்ளி தேறியிருந்தாள். ஆனால் சான்றிதழ்களை ஏற்றக் கொடுத்த கெடு முடிந்து பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. தகவல் அந்தச் செத்துப்போன நம்பருக்குப் போயிருந்தது.

இருவரும் பஸ் பிடித்துக் கடலூர் போனார்கள். அங்கே மஞ்சக்குப்பம் ஆபீசில் ஒரு அதிகாரி பொறுமையாகவே கேட்டிருக்கிறார்.

"நீங்க குடுத்த நம்பருக்கு மெசேஜ் போயிருக்கும்மா. இதுக்கு மேல என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

அவர் சொன்னதில் தப்பில்லை. அதுதான் வயிற்றெரிச்சல். திரும்பும் வழியெல்லாம் அக்கா அழுதாராம். "என்னத் திட்டுடி" என்றதற்கு, "திட்டி என்னக்கா ஆவப்போவுது" என்றாளாம் புஷ்பவள்ளி.

அதன்பின் அக்கா ஒரு அட்டையில் எழுதி ஒட்டினார்: சொந்த நம்பர் இல்லாமல் விண்ணப்பம் கிடையாது. சரியான முடிவு என்று நானும் சொன்னேன்.

போன வாரம் புஷ்பவள்ளி மறுபடி வந்தாள். கன்னம் வீங்கியிருந்தது. வேறொரு வேலைக்கு அன்றுதான் கடைசி நாள். பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லாம் ஏற்றிவிட்டு அக்கா கேட்டார்.

"நம்பர் சொல்லுடி."

"சின்னதா ஒரு போன் வாங்கி அரிசிப் பானைக்குள்ள வெச்சிருந்தேன்க்கா. நேத்து அவுரு பாத்துட்டாரு. ஒடச்சிட்டாரு."

அக்கா எழுந்து அந்த அட்டையைக் கிழித்தார். "என் நம்பரப் போடறேன். சொந்த நம்பர். சாவற வரைக்கும் ரீசார்ஜ் பண்ணுவேன்."

"மறுபடி நீங்க ஆஸ்பத்திரில போயி ஒக்காந்துட்டா?"

குத்திக் காட்டவில்லை அவள். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எனக்குப் பொறுக்கவில்லை. தட்டிக்கு இந்தப் பக்கமிருந்து, "என் நம்பரையும் சேத்துப் போடுக்கா" என்றேன்.

"ஒண்ணுக்குத்தான் பாய் எடம் இருக்கு" என்றார் அக்கா.