நானூறு குஞ்சும் ஒரு கண்ணாடியும்

குஞ்சு பொரிப்பகத்தில் அவளைக் குஞ்சக்கா என்றால்தான் தெரியும். பொரித்து ஒரு நாள்கூட ஆகாத கோழிக்குஞ்சுகளைத் தன் பழைய காரில் ஏற்றிப்போய்ப் பண்ணைகளில் இறக்கிவிட்டு வருவாள். பதினோரு வருடமாக இதே வேலை. அட்டைப்பெட்டியின் ஓட்டைகள் வழியே வரும் சத்தத்தை வைத்தே உள்ளே நடப்பதைச் சொல்லிவிடுவாள். குளிரெடுத்தால் கூச்சல், பசித்தால் முணுமுணுப்பு, கதகதப்பாக இருந்தால் தூக்கம். அப்பேர்ப்பட்ட காது போன கோடையில் கெட்டுப்போனது.

அன்றைக்கு அடித்தது வெயிலா அது, நெருப்பு. முதலில் ஏசி நின்றது. கண்ணாடியை இறக்கலாமென்று சுவிட்சை அழுத்தினால் நான்கு கதவிலும் ஒன்றுகூட அசையவில்லை. ஃபியூஸ் போயிருந்தது. பாலத்தின் மேல் இரண்டு லாரிகளுக்கு நடுவே வண்டி மாட்டிக்கொண்டது. கதவை ஒரு சாண் திறக்கத்தான் இடம். குஞ்சுகள் கத்தின, கத்தின, பிறகு அடங்கின. சரி, தூங்கிவிட்டன என்று பாவி மகள் நிம்மதியாக மூச்சுவிட்டாள். பண்ணையில் பெட்டியைத் திறந்தபோது முந்நூறில் நாற்பதுதான் உயிரோடு இருந்தன.

முதலாளியம்மா திட்டியிருந்தால்கூடத் தேவலை. "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நீயே வேலையை விட்டு நின்னுக்க. என்னைச் சொல்ல வைக்காதே" என்று மெதுவாகச் சொன்னதோடு சரி.

அதிலிருந்து குஞ்சக்காவுக்கு அமைதி என்றாலே ஆகாது. பெட்டியில் சத்தம் குறைந்தால் போதும், கை தானாகச் சுவிட்சுக்குப் போகும். கண்ணாடி இரண்டு விரற்கடை இறங்கும். "என்னையே நடுத்தூக்கத்துல எழுப்பி மூச்சு வருதான்னு பாக்குறா" என்று அவள் புருஷன் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது குளிர்காலம். அதுவும் குழாயில் தண்ணீர் உறைந்து நிற்கும் குளிர். அன்று காலை மெக்கானிக்கான கொழுந்தன் காரைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் படித்துப் படித்துச் சொன்னான். "அண்ணி, கண்ணாடி ரப்பரோட ஒட்டிக்கிட்டு கெடக்கு. சுவிட்சைத் தொடாதீங்க. மோட்டார் இழுக்கும், கண்ணாடி வராது, ரெண்டையும் பிடிச்சிருக்கிற கிளிப்தான் உடையும்."

"நான் எதுக்குத் தொடப்போறேன்?"

"ஆமா, உங்களை எனக்குத் தெரியாது பாருங்க."

நானூறு குஞ்சுகள், நான்கு பெட்டிகள், எல்லாம் பின்சீட்டில். ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஊரைத் தாண்டி, இரண்டு பக்கமும் வெறும் வயலாக இருந்த இடத்தில் பனிமழை பிடித்துக்கொண்டது. இன்னும் இருபது கிலோமீட்டர் இருந்தது. அப்போது பின்னால் கீச்சுச் சத்தம் குறைந்தது. பிறகு நின்றே போனது.

பாலம், லாரி, அந்த முந்நூறு என்று எல்லாம் கண்முன் வந்து நின்றது. கொழுந்தன் சொன்னது ஞாபகம் இல்லாமல் இல்லை. இருந்தும் பின் கண்ணாடியின் சுவிட்சை அழுத்தினாள். மோட்டார் முனகியது. மறுபடி அழுத்தினாள். கதவுக்குள் 'டக்' என்று ஏதோ முறிந்தது. ஒட்டியிருந்த கண்ணாடி பிடிவிட்டு, சரசரவென்று கதவுக்குள்ளேயே இறங்கிப்போனது.

காற்றும் பனியும் அப்படியே உள்ளே வந்து விழுந்தன. ஏற்றும் பக்கம் அழுத்தினால் மோட்டார் சும்மா சுற்றியது; கண்ணாடி வரவில்லை. நானூறு குஞ்சும் ஒரே குரலில் அலறின. குளிரெடுத்தால் கூச்சல். இதற்குக் காதே தேவையில்லை.

"கை கொழுப்புடி உனக்கு" என்று தன்னையே திட்டிக்கொண்டு வண்டியை ஓரங்கட்டினாள். இரண்டு பெட்டிகளை முன்சீட்டில் அடுக்கினாள். மற்ற இரண்டையும் ஜன்னலைவிட்டு எதிர்ப்பக்கம் தள்ளினாள். போட்டிருந்த கோட்டைக் கழற்றி, திறந்து கிடந்த ஜன்னலை மறைத்துத் தொங்கவிட்டு, அதன் ஓரங்கள் சிக்கும்படி கதவை அறைந்து சாத்தினாள். ஹீட்டரை முழுசாக வைத்தாள். வேகமாகப் போனால் கோட்டு பிய்த்துக்கொண்டு பறந்துவிடும். மெதுவாகப் போனால் குஞ்சு தாங்குமா என்று தெரியாது. மாட்டுவண்டி வேகத்தில் உருட்டினாள். அவளுக்குப் பல் தந்தியடித்தது.

பாதி தூரத்தில் கூச்சல் தணிய ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் சுத்தமாக நின்றது.

தூக்கமா, போய்விட்டதா? ஒரு பெட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். தூக்கினால் சேர்ந்திருக்கும் சூடும் போய்விடும். கை பரபரத்தது. இடதுகையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். அப்படியே ஒற்றைக் கையால் பத்து கிலோமீட்டர், பெற்ற பிள்ளைக்குக்கூட வேண்டிக்கொள்ளாத வேண்டுதலெல்லாம் வேண்டிக்கொண்டு ஓட்டினாள்.

பண்ணைக்காரர் கொட்டகை வாசலில் நின்றிருந்தார். "என்னம்மா, கோட்டை வண்டிக்கு மாட்டிட்டு நீ இப்படி வந்திருக்கே?"

"நீங்களே தொறங்கண்ணே. என்னால முடியாது."

பெட்டிகளைக் கொட்டகைக்குள் கொண்டுபோய் அவர் மூடியைத் திறந்தார். குஞ்சுகள் ஒன்றின் மேல் ஒன்று தலைசாய்த்துக் கிடந்தன. அவர் விரலால் தொட்டதும் ஒன்று கண்ணைத் திறந்து, தொந்தரவு செய்யாதே என்பதுபோல் திரும்ப மூடிக்கொண்டது. அடுத்த பெட்டியும் அப்படியே, அதற்கடுத்ததும் அப்படியே. முதலில் ஜன்னலோரம் இருந்த பெட்டியில் மட்டும் பதினாலு நனைந்து விறைத்துப்போயிருந்தன.

குஞ்சக்கா அந்தத் தூக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். வயலோரத்தில் சத்தம் நின்றதே, அப்போதும் இவை இப்படித்தான் கிடந்திருக்கும். ஒரு குறையும் இல்லாமல் தூங்கின குஞ்சுகள். அந்தப் பதினாலையும் கொன்றது குளிர் இல்லை, தான்தான் என்று அவளுக்குத் தெரிந்துபோனது.

முதலாளியம்மாவுக்குப் போன் போட்டாள்.

"அம்மா, பதினாலு போச்சு. பனியால இல்ல. நல்லாத் தூங்கிட்டிருந்துச்சு, நான்தான் பயந்துபோய் கண்ணாடியை இறக்கினேன். நீங்க சொல்ல வேண்டாம்மா, நானே நின்னுக்கிறேன்."



"மிச்சம் எத்தனை?"

"முந்நூத்தி எண்பத்தாறு."

"என்ன பண்ணுது?"

"தூங்குதும்மா."

"தூங்குதுன்னு உனக்கு நிச்சயமாத் தெரியுதா?"

குஞ்சக்கா போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டுப் பெட்டிகளின் பக்கம் குனிந்து கேட்டாள். சத்தமே இல்லை.

"தெரியுதும்மா."

"அப்ப நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு வந்துரு. லோடு இருக்கு."

அவள் போனை வைத்துவிட்டு, குஞ்சுகள் விழித்துவிடாதபடி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.