பக்கத்து நாற்காலியிலிருந்து ஒரு பதில்

தொண்ணூறுகளின் கடைசியில், ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த கம்ப்யூட்டர் சென்டர் ஞாயிறு மதியங்களில் எங்களுடையது. ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்கள், ராயக்கோட்டையிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள் என்று ஒரு சிறு கூட்டம். யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம் என்று இலவசமாகக் கிடைத்த மென்பொருளை வைத்து ஒரு கேள்வி பதில் வலைத்தளம் அமைத்தோம். இன்டர்நெட் கிடையாது. அறையில் இருந்த கம்ப்யூட்டர்களைக் கேபிளால் இணைத்திருந்தோம். அந்த நான்கு சுவர்களைத் தாண்டி எங்கள் தளம் யாருக்கும் தெரியாது.

ஆனாலும் சட்டம் வைத்திருந்தோம். சந்தேகத்தை வாயால் கேட்கக் கூடாது, தளத்தில்தான் எழுத வேண்டும். நாளைக்கு உலகத்தோடு பேசப் பழக வேண்டுமாம்! நான் மறந்து வாய் திறந்தால், வலப்பக்கத்து நாற்காலியில் இருந்த, ஃபேக்டரி டூல் ரூமில் வேலை பார்த்த நண்பர் திரும்பாமலே, "வாயில கேக்காதப்பா, எழுது" என்பார். எழுதுவேன். என் கேள்வி அவர் திரையில் வந்ததும் முதலில் சிரிப்பார். பிறகு தெலுங்கில் திட்டிக்கொண்டே பதிலைத் தட்டுவார்.

வீட்டுக்கு வீடு இன்டர்நெட் வந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் தானாக நின்றுபோனது.

இப்போது நான் இருக்கும் இன்டர்நெட் குழுவில் உலகம் முழுக்க ஆட்கள். கேள்வியைப் போட்டு நிமிர்வதற்குள் பதில் வந்துவிடுகிறது. சரியான பதில்தான், அதுதான் எரிச்சலாக இருக்கிறது. அதைப் படிக்காமல், வலப்பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கிறேன்.