ஷ்யாமளாவின் வலது கை

மும்பை மாட்டுங்காவில் நோயாக இருப்பது, ரயில் பாலத்தைத் தாண்டித் தாராவிக்குள் போனதும் திறமையாகிவிட்டால், அதை எந்தப் பெயரால் அழைப்பது? ஷ்யாமளாவின் ஐம்பத்தாறாம் வயது இந்தக் கேள்வியோடுதான் கழிந்தது.

வங்கி வேலையை அவள் விட்டது நடுங்கும் வலது கையால். பார்க்கின்சன்ஸ் என்றார் டாக்டர். மாத்திரை எழுதிக் கொடுத்து, தாளத்துக்கு உடம்பை அசைத்துப் பழகினால் நல்லது என்றும் சொன்னார்.  கணவர் சுந்தரராமன் மறுநாளிலிருந்து, தளும்பிவிடக் கூடாதென்று, அவளுக்கு மட்டும் காப்பியை அரை டம்ளராக ஊற்ற ஆரம்பித்தார். நோயைவிட அந்த அரை டம்ளர் அவளை அதிகம் உறுத்தியது.

மாட்டுங்காவில் பரதநாட்டியம் சொல்லித்தர ஆளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அங்கே எல்லோருக்கும் அவளைத் தெரியும். முத்திரை பிடிக்கக் கையும் நிற்க வேண்டும். ஆகவே தாராவியில், ஒரு தையல் பட்டறையின் மாடியில், நாகராஜ் என்ற கூரியர் பையன் மாலையில் நடத்தும் ஹிப் ஹாப் வகுப்பில் போய்ச் சேர்ந்தாள்.

ஆட்டம் அவளுக்கு வரவில்லை. முட்டியை மடக்கித் துள்ளும் முதல் பாடமே உதைத்தது. எல்லோரும் ஒரு பக்கம் போனால் அவள் மறுபக்கம் போய் மோதினாள்.

"தாதர் ஸ்டேஷன்ல எறங்குற மாதிரில்லா இடிக்கிய ஆன்ட்டி!" என்பாள் பக்கத்தில் ஆடும் கல்லூரிப் பெண் முத்துமாரி.

"ஸாரிம்மா, கண்ணாடியில எது லெஃப்ட்னே புரியமாட்டேங்கறது."

பிறகு பாப்பிங் வந்தது. தசைகளை வெட்டி வெட்டி இறுக்கி, உடம்பில் மின்சாரம் ஓடுவதுபோல் காட்டும் ஆட்டம். கையை நீட்டி நிற்கச் சொன்னான் நாகராஜ். அன்று அவள் மதிய மாத்திரையை மறந்திருந்தாள். சற்று நேரத்தில் விரல்களில் தொடங்கிய நடுக்கம் முழங்கை வரை ஏறியது. அவள் கையை இழுத்துக்கொள்வதற்குள் நாகராஜ் பாட்டை நிறுத்தினான்.

"ஏலேய், எல்லாரும் இங்க பாருங்கல! இந்த வைப்ரேஷனுக்கு நான் எவ்வளவு செத்துருக்கேன்! எப்பிடி ஆன்ட்டி?"

"தானா வந்துடுத்து." அது பொய்யில்லை.

"தானா வந்துச்சாம்லா! வீட்ல பழகிட்டு வந்து சீன் போடுதாவ," என்றாள் முத்துமாரி.

எல்லோரும் கைதட்டினார்கள். அந்தக் கையைப் பரிதாபமில்லாமல் பார்த்த கண்களை அவள் கண்டு வெகுகாலமாகியிருந்தது.

அதன்பின் வகுப்பு நாட்களில் வேண்டுமென்றே மாத்திரையைத் தள்ளிப்போட்டாள். மாத்திரை இல்லாமல் கால்கள் பாலத்தின் படிகளில் ஒட்டிக்கொண்டன. ஒருநாள் விழுந்தாள். சுந்தரராமன் முட்டியில் மருந்து தடவும்போது எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

"நோயைக் காட்டிக் கைதட்டல் வாங்கறியா, ஷ்யாமா?"

"அவாளுக்கு அது நோய்னு தெரியாதே."

"நோக்குத் தெரியுமோல்லியோ?"



வகுப்பின் ஆண்டு விழாவில் நாகராஜ் அவளை நடுவில் நிறுத்தினான். கடைசித் தாளத்தில் மற்றவர்கள் சிலையாக உறைய, அவள் கை மட்டும் துடிக்க வேண்டும். ஆட்டம் முழுவதையும் அதற்காகவே அமைத்திருந்தான். "நீங்க சும்மா நின்னாப் போதும் ஆன்ட்டி. கைய மட்டும் விடுங்க."

திரை இடுக்கில் பார்த்தபோது முன்வரிசையில் சுந்தரராமன் உட்கார்ந்திருந்தார். அவர்கள் முறை வர இன்னும் நேரமிருந்தது. ஷ்யாமளா முத்துமாரியிடம் தண்ணீர் வாங்கி, பர்ஸிலிருந்த மதிய மாத்திரையை விழுங்கினாள்.

"தலவலியா ஆன்ட்டி?"

"ஆமாம்மா."

கடைசித் தாளத்தில் எல்லோரும் உறைந்தார்கள். ஷ்யாமளா வலது கையை நீட்டினாள். அது அசையவில்லை.

"ஆன்ட்டி, கை! கை!" என்று திரைக்குப் பின்னாலிருந்து நாகராஜ் பதறினான். பாட்டு முடிந்து, கூட்டம் என்ன ஆயிற்று என்று முணுமுணுக்கும்வரை அவள் அதை அப்படியே நீட்டிவைத்திருந்தாள்.

கை ஏன் ஆடவில்லை என்று நாகராஜ் போனில் கேட்டான். முத்துமாரி வீட்டுக்கே வந்து கேட்டாள். மாத்திரையைப் பற்றி ஷ்யாமளா யாரிடமும் பேசவில்லை. பாலத்தை மறுபடி தாண்டவும் இல்லை.