பெரியவளின் அகலம்

அந்த வீட்டில் இரண்டு மருமகள்கள். மூத்தவனைக் கட்டியவள் பெரியவள், இளையவனைக் கட்டியவள் சின்னவள். அவர்களுடைய சொந்தப் பெயர்கள் தபால்காரருக்கு மட்டும்தான் தேவைப்பட்டன.

சின்னவள் கடைவீதியில் ஒரு ஸ்டுடியோவின் பின்னறையில் வேலை பார்த்தாள். ஜனங்கள் தங்கள் கல்யாண டிவிடிகளைத் துணிப்பையில் சுற்றி எடுத்து வருவார்கள். "தட்டு இருக்கும்மா, போட்டுப் பாக்கத்தான் மெஷின் இல்ல" என்பார்கள். தட்டில் இருப்பதை அவள் கம்ப்யூட்டருக்குள் இறக்குவாள். ஒரு கல்யாணம் நாலைந்து துண்டு ஃபைல்களாக உடைந்து வந்து விழும். துண்டுகளை ஒட்டி, ஆள் அசையும்போதெல்லாம் சீப்புப் பல் போல எட்டிப் பார்க்கும் கோடுகளை நீக்கி, எந்தப் போனிலும் ஓடுகிற எம்பி ஃபோராக மாற்றிப் பென் டிரைவில் போட்டுத் தருவாள்.

பழைய கல்யாணங்கள் ஏறக்குறையச் சதுரமான படங்கள். இந்தக் காலத்து டிவியோ அகலமானது. படத்தை உள்ளபடி மாற்றினால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை நிற்கும். வாடிக்கையாளர்களுக்கு அந்தப் பட்டையைக் கண்டாலே ஆகாது.

"டிவி முழுசுக்கும்தானே காசு குடுத்தோம், இது நடுவுல மட்டும் ஓடுதே?"

"இழுத்து நிரப்பிடலாம். மாப்பிள்ளை பீப்பாய் ஆயிடுவாரு, பரவாயில்லையா?" என்பாள் சின்னவள். அதோடு பேச்சு நின்றுவிடும்.

இப்படி ஊரார் கல்யாணத்தையெல்லாம் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டவள், சொந்த வீட்டுக் கல்யாணம் ஒன்றில் மட்டும் கையை வைத்தாள். காரணம் வயிற்றெரிச்சல்தான்.

பெரியவள் நெடுநெடுவென்று உயரம், கொடி போல உடம்பு. இருவருக்கும் ஒரே துணியில் உடை தைத்தால், பெரியவள் உடம்பில் அது உடையாக இருக்கும். சின்னவள் உடம்பில் துணியாகவே இருக்கும். பெரியவள் சமைத்தால் யாரும் உப்பைப் பற்றிப் பேசமாட்டார்கள். சின்னவள் சமைத்தால், "அட, உப்பு சரியாத்தான் இருக்கு" என்று அத்தை ஆச்சரியப்படுவாள். அந்த ஆச்சரியத்தைச் சின்னவளால் எந்தக் காலத்திலும் விழுங்க முடிந்ததில்லை.

இதெல்லாம் பழகிய எரிச்சல். புதிதாக வந்தது முன்னறை விவகாரம். அதுவரை அங்கே தங்கியிருந்த கல்யாணம் ஆகாத கடைசிக் கொழுந்தன் வேலை கிடைத்து வெளியூர் போகப்போகிறான். தெருப்பக்கம் தனிக் கதவும் பெரிய ஜன்னலும் உள்ள அறை அது. ஒரு மேஜையும் கம்ப்யூட்டரும் போட்டால் போதும், ஸ்டுடியோக்காரரிடம் கைகட்டி நிற்காமல் சொந்தமாகத் தொழில் செய்யலாம் என்று சின்னவள் நெடுநாளாகக் கணக்குப் போட்டிருந்தாள். பெரியவள் கூடத்து மூலையில் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுப்பவள். அவளுக்கும் அதே அறை வேண்டும். யாருக்கு என்று அத்தை இன்னும் வாய் திறக்கவில்லை. ஆனால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று சின்னவளுக்குத் தெரிந்தது.

அந்தச் சமயம் பார்த்து அத்தையின் அக்கா வந்து இறங்கினாள். வீட்டில் எல்லோருக்கும் அவள் பெரியம்மா. வாய் திறந்தால் அத்தைகூட அடங்கிவிடுவாள்.

"ரெண்டு பேரு கல்யாணத்தையும் புது டிவியில போட்டுக் காமிம்மா. உனக்குத்தான் அந்த வேலை தெரியுமே" என்றாள் அத்தை.

சின்னவளின் கல்யாணம் பின்னால் நடந்தது. அது அகலப் படமாகவே எடுக்கப்பட்டது. அதை அப்பழுக்கில்லாமல் மாற்றினாள். பெரியவளின் தட்டு பழைய சதுரம். கம்ப்யூட்டரில் அதைத் திறந்தபோது, மேடையில் நின்ற பெரியவள் அன்றைக்கும் கொடியாகத்தான் இருந்தாள். சின்னவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, ஊரில் யார் கேட்டாலும் பீப்பாய்க் கதை சொல்லித் தவிர்க்கும் அந்த 'இழுத்து நிரப்பு' கட்டத்தில் போய் ஒரு டிக் போட்டாள். படம் திரையை நிரப்பிக்கொண்டு விரிந்தது. பெரியவளுக்குக் கன்னம் வந்தது, தோள் வந்தது, இடுப்பு காணாமல் போயிற்று. சின்னவளுக்கு அன்று மத்தியானச் சாப்பாடு நன்றாக இறங்கியது.

சாயங்காலம் எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். பெரியவளின் கல்யாணம் முதலில் ஓடியது. சின்னவள் சிரிப்புக்காகக் காத்திருந்தாள். சிரிப்பு வரவில்லை.

"என் மீசையப் பாரு! என்னா அகலம்!" என்றார் மாமா, மீசையே இல்லாத உதட்டைத் தடவியபடி.

"நானும் எவ்வளவு வாட்டசாட்டமா இருந்திருக்கேன்" என்று அத்தை பூரித்தாள்.

பெரியம்மா மட்டும் டிவியைப் பார்த்தாள், பெரியவளைப் பார்த்தாள், மறுபடி டிவியைப் பார்த்தாள். "ஏண்டி," என்றாள் தங்கையிடம், "தளதளன்னு இருந்த பொண்ணை இப்படிக் குச்சியாக்கி வச்சிருக்கியே, சோறு போடறியா இல்லையா?"

"அவ எப்பவுமே ஒல்லிதானேக்கா..."

"இதோ கண்ணு முன்னால ஓடுதே! இதுவும் பொய்யா? நாலு பேரு பார்த்தா உன்னைத்தாண்டி கேப்பாங்க."

அத்தையின் முகம் சுருங்கிவிட்டது. தன் ஞாபகத்தைவிட டிவியைத்தான் அவளும் நம்பினாள். பெரியவள் திரையில் தெரிந்த கூடத்துச் சுவரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை அடுப்பு வேலை முழுவதும் சின்னவள் தலையில் விழுந்தது. பெரியவளுக்கு ஒரு டம்ளர் பாலும் அவித்த முட்டையும் அவள் உட்கார்ந்த இடத்துக்கே போயின. கொண்டுபோய்க் கொடுத்தது சின்னவள்தான். இரண்டு நாள் போனதும் அத்தை வாய் திறந்தாள். "முன்னறை பெரியவளுக்கே இருக்கட்டும். ஜன்னல் இருக்கு, நல்ல காத்து வரும். உடம்பு தேறணும்ல."

சின்னவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள், கத்தி வேகம் பிடித்தது. அன்றைக்கு அந்த வீட்டில் காயை எல்லோரும் ஸ்பூனால் அள்ளித்தான் சாப்பிட வேண்டியிருந்தது.

தானே விரித்துவிட்ட அகலம் தன் அறையையே விழுங்கிவிட்டது. உண்மையைச் சொன்னால் மானம் போகும், சொல்லாவிட்டால் அறை போகும். யோசித்து யோசித்து அவளுக்கு மூன்றாவதாக ஒரு வழி தோன்றியது. மெலிந்ததாகக் காட்டினால் அறை கிடைக்கும் என்றால், தானும் மெலிந்து காட்டிவிட்டால் போகிறது. தன் கல்யாணத்தை எடுத்தாள். அது ஏற்கனவே திரை முழுவதும் நிரம்பிய படம். ஆளை அகலமாக்க வேண்டுமென்றால் இரண்டு ஓரத்தையும் வெட்டியாக வேண்டும். வெட்டினாள், மிச்சத்தை இழுத்து நிரப்பினாள். அவளுக்குக் கன்னமும் தோளும் வந்தன. பக்கத்தில் நின்ற புருஷனுக்கு ஒரு காதும் பாதிக் கன்னமும் போயின.

"முன்ன போட்டதுல கொஞ்சம் தப்பு இருந்துச்சு அத்தை, சரி பண்ணிக் கொண்டு வந்திருக்கேன்" என்று சொல்லி மறுபடி போட்டுக் காட்டினாள்.

அத்தை கண்ணை அகல விரித்தாள். "அடேயப்பா! இவ்வளவு குண்டா இருந்தியா நீ? பாருக்கா, நம்ம வீட்டுக்கு வந்தப்புறம்தான் இவ சீரா இறங்கியிருக்கா!"

"வேலை செஞ்சா உடம்பு தானா இளைக்கும்" என்றாள் பெரியம்மா. "அப்படியே விட்டுறாதே, சமையலைத் தொடர்ந்து பண்ணு."

"அது சரி, இதுல நான் எங்க?" என்று கேட்டான் அவள் புருஷன். "என் கல்யாணம்தானே இது?"

சின்னவள் பென் டிரைவைப் பிடுங்கிக்கொண்டு எழுந்து போனாள்.

துணி உலர்த்த மாடிக்குப் போனபோது பெரியவள் பின்னாலேயே வந்தாள். ஒரு துணியை எடுத்து உதறிக் கொடியில் போட்டுவிட்டு, சாவகாசமாகக் கேட்டாள்.

"ஏன் சின்னவளே, நம்ம கூடத்துச் சுவர்க்கடிகாரம் வட்டமா, முட்டையா?"

சின்னவள் கையில் இருந்த துணி கையிலேயே நின்றது.

"என் கல்யாணத்துல, நான் இந்த வீட்டுக்குள்ள கால் வைக்கிற காட்சில அது முட்டையா இருக்கு. உன் புருஷன் பாதி இல்லாத உன் கல்யாணத்துலயும் முட்டையாத்தான் இருக்கு. நான் கணக்கு டீச்சர்டி. வட்டம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா?"

"எப்பக்கா கண்டுபிடிச்சீங்க?"

"முதல் நாளே."

"அப்ப ஏன் சொல்லல?"

"பால் நல்லா இருந்துச்சு" என்றாள் பெரியவள். சிரிக்கவில்லை. "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இந்த வீட்டுல விடியும்போது நான்தான் எந்திரிக்கிறேன். நீ பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு உன் பாட்டுக்கு வேலைக்குப் போயிடுவே. ஜன்னல் வழியாப் பார்ப்பேன். எனக்கு எரியாதுன்னு நெனச்சியா?"

இவளுக்குப் போய் தன்மேல் பொறாமையா என்று சின்னவளுக்கு ஒரு கணம் உள்ளே ஜில்லென்று இருந்தது. உடனே, பொறாமைப்படுவதில்கூட இவள் இத்தனை நாள் முகத்தில் காட்டாமல் நம்மை மிஞ்சிவிட்டாளே என்றும் தோன்றியது.

"முன்னறை உனக்குத்தானே வேணும்?" என்றாள் பெரியவள். "எடுத்துக்கோ. என் பசங்களுக்கு இந்த மாடியே போதும். அத்தைகிட்ட நான் பேசறேன். ஆனா அந்த வீடியோவ மட்டும் தொடாதே. அது அப்படியே குண்டா இருக்கட்டும். காலைச் சமையலும் அப்படியே இருக்கட்டும்."

"எத்தனை நாளைக்குக்கா?"

"உடம்பு தேறணும்ல?"

சின்னவள் முன்னறையை நினைத்தாள், விடிகாலை அடுப்பையும் நினைத்தாள். தலையை ஆட்டினாள்.

அடுத்த மாதம் கொழுந்தன் கிளம்பிப் போனதும் முன்னறையில் மேஜை ஏறியது, கதவுக்கு மேலே போர்டு ஏறியது. முதல் நாளே ஒருவர் பை நிறைய டிவிடிகளோடு வந்து நின்றார். சின்னவள் ஆசைப்பட்டது ஆசைப்பட்டபடியே கிடைத்துவிட்டது. உட்கார்ந்து முதல் தட்டை உள்ளே தள்ளினாள். ஜன்னலுக்கு வெளியே அத்தை பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவது ஒரு எழுத்து விடாமல் கேட்டது.

"உடம்பு முடியாத பொண்ணு, நியாயமாப் பாத்தா அவளுக்குச் சேரவேண்டிய ரூம். 'சின்னவ பாவம் அத்தை, அவளுக்கே குடுங்க'ன்னுட்டா. அந்த மனசு யாருக்கு வரும்?"

"வராதும்மா, வராது" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

சின்னவள் மவுஸை மேஜையில் டொக்கென்று வைத்தாள். அறை தன்னுடையதுதான். ஆனால் வருகிறவர் போகிறவர் எல்லோரும் இதைப் பெரியவள் கொடுத்த அறை என்றுதான் சொல்லப்போகிறார்கள்.

அப்போது பெரியவள் பால் டம்ளரோடு வாசல்பக்கம் வந்து, வெயிலில் நின்று நிதானமாகக் குடித்தாள். வருஷக் கணக்கில் வீட்டில் யாரும் பார்த்திராத ஓய்வு அவள் முகத்தில் தெரிந்தது. கன்னத்தில் லேசாகச் சதை பிடித்திருந்தது. கழுத்து எலும்பு மறைந்திருந்தது. தட்டு கொண்டுவந்தவர்கூட ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

சின்னவளும் பார்த்தாள். அந்தச் சதையும் பெரியவளுக்கு நன்றாகத்தான் பொருந்தியது.